சலாலா, சும்ஹுரம் பயணம்: அப்பாவை எந்த மாதத்தில் அழைத்துச் செல்வது?

தோப்புவீட்டுப்பெண் (அரியாங்குப்பம், புதுச்சேரி) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஓமன் நாட்டின் தென்பகுதியான தோஃபாருக்கு ஆறு நாள் பயணமாகச் சென்று, சலாலா நகரையும் அதைச் சூழ்ந்த மலை, பாலைவனம், கடற்கரை ஆகியவற்றையும் பார்த்து வர எண்ணியிருக்கிறோம். செல்பவர்கள் நானும் என் தந்தையும் மட்டுமே. அங்கே வேலை பார்த்தவர்களும் சுற்றிப் பார்த்தவர்களும் இங்கே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன்.

அப்பாவுக்கு 68 வயது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அம்மையார் அரிக்கமேட்டில் அகழாய்வு நடத்தியபோது, காக்காயன்தோப்பிலிருந்து கூலிக்குச் சென்றவர்களில் அவரும் ஒருவர். குழியில் வெட்டிய மண்ணைக் கூடையில் சுமந்து வந்து சல்லடையில் கொட்டிச் சலிப்பது அவர் வேலை. சலித்த மண்ணில் தங்கும் ஓட்டாஞ்சில்லுகளையும் பாசிமணிகளையும் பிரித்து எடுத்து வைக்க அப்போது பழகிய கண், இன்றும் அந்த மாந்தோப்புக்குள் நடந்தால் தரையை விட்டு அகலாது. சில மாதங்களுக்கு முன்பு புதுச்சேரியில் ஒரு சொற்பொழிவுக்குச் சென்று வந்தவர், ஓமன் நாட்டுக் கடற்கரையில் ஒரு பழைய துறைமுகத்தில் தமிழ் எழுத்துப் பொறித்த ஓடு கிடைத்திருக்கிறதாம், அந்த இடத்தைப் பார்க்க முடியுமா என்று கேட்டார். சென்னைக்கு வரவே பத்து முறை யோசிப்பவர், மறுவாரம் பாஸ்போர்ட்டுக்கான தாள்களைத் தானே திரட்டி வைத்துவிட்டார்.

பயண முகவர் ஒருவர் ஆகஸ்ட் மாதத்திற்கு ஒரு திட்டம் கொடுத்திருக்கிறார். அந்தக் காலத்தில் மலையெல்லாம் பச்சையாக இருக்கும் என்றும், அதற்காகவே வளைகுடா நாடுகளிலிருந்து மக்கள் திரண்டு வருவார்கள் என்றும் சொல்கிறார். ஒரே நாளில் அருவி, குகை, கோட்டை, கடற்கரை, சும்ஹுரம் என்று ஐந்து இடங்கள் வருகின்றன. அப்பா பார்க்க விரும்பும் சும்ஹுரத்திற்கு அதில் 45 நிமிடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அவருக்கு முழங்கால் வலி உண்டு. சமதரையில் நன்றாக நடப்பார், படிகள்தான் சிரமம். ஆகஸ்ட் சரியான மாதமா, சாம்பிராணி மரத்தில் பிசின் எடுப்பதை அப்போது பார்க்க முடியுமா, பாலைவனத்தில் ஓர் இரவு தங்குவது அவர் வயதுக்கு ஏற்றதா என்பவற்றைத் தெளிவுபடுத்தினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

கெடிலக்கரையான் (கடலூர் முதுநகர்) எழுதியது:

வணக்கம் அம்மா. நான் சலாலாவில் பதினொரு ஆண்டுகள் இயந்திரப் பராமரிப்பு வேலையில் இருந்தவன். முகவர் ஆகஸ்ட் மாதத்தைச் சொன்னதில் தவறில்லை. ஆனால் அது உங்கள் தந்தைக்கான மாதமன்று என்பதே என் கருத்து. காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் அந்த ஊரின் பருவத்தைப் புரிந்துகொண்டால் மற்றவற்றை நீங்களே முடிவு செய்துவிடலாம்.

ஜூன் மாதம் ஏறத்தாழ 21-ஆம் நாள் தொடங்கி செப்டம்பர் 21 வரை அங்கே கரீஃப் பருவம். நம் கரையில் ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று அனலாக அடித்து வாயை உலர்த்துகிறதே, அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் அங்கே குளிரைக் கொண்டுவருகிறது. அந்தக் காற்று தோஃபார் கரையை ஒட்டி வீசும்போது கடலின் மேல்பரப்பில் உள்ள வெதுவெதுப்பான நீரைக் கரையிலிருந்து அப்பால் தள்ளிவிடுகிறது. அதன் இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலெழுகிறது. ஈரக்காற்று அந்தக் குளிர்நீரின் மீது வரும்போது மூடுபனியாக மாறுகிறது. மேலே பாலைவனத்தின் வறண்ட வெப்பக் காற்று ஒரு மூடியைப் போல் அழுத்திக்கொண்டிருப்பதால், பனி உயர எழ முடியாமல் கடலை நோக்கிய மலைச்சரிவில் போய் முட்டித் தங்கிவிடுகிறது. பெய்வது பெருமழையன்று, நாள் முழுவதும் ஓயாத தூறல். இலைகளில் பனி படிந்து சொட்டுவதால் மரத்தடியில் விழும் நீர், வெட்டவெளியில் விழும் மழையைவிட மிகுதியாக இருக்கும். ஒன்பது மாதம் காய்ந்து கிடக்கும் மலை அந்த மூன்று மாதத்தில் நம் கண்ணை நம்ப முடியாத அளவுக்குப் பச்சையாகிறது. வெயில் அறியாத 25 பாகை வெப்பநிலையில், நாற்பத்தைந்து பாகை வெயிலில் வாடும் மற்ற அரபு நாட்டவர்கள் அங்கே வந்து குவிவது இயல்புதானே.

ஆனால் அந்தப் பச்சையைத் தரும் பனிதான் பார்வையையும் மறைக்கிறது. மலைச்சாலைகளில் முன்னால் செல்லும் வண்டியின் விளக்கு கூடத் தெரியாத நாட்கள் உண்டு. ஒட்டகங்கள் சாலையில் நின்றுகொண்டிருக்கும். கடல் கொந்தளிக்கும், விடுதி வாடகை பல மடங்காகும், எங்கும் கூட்டம். செப்டம்பர் 21-க்குப் பிறகு பனி விலகி வெயில் வருகிறது. அங்குள்ளவர்கள் அந்தப் பருவத்தைச் சர்ப் என்பார்கள். மலையின் பசுமை உடனே போய்விடாது, அக்டோபர் முற்பகுதி வரை தாங்கும், பிறகு புல் பொன்னிறமாக மாறும். பசுமையையும் பார்த்து, பார்த்ததைத் தெளிவாகவும் பார்க்க வேண்டுமென்றால் செப்டம்பர் இறுதி வாரமும் அக்டோபர் முதல் வாரமும்தான் பொருத்தம். பசுமை முக்கியமில்லை என்றால் டிசம்பர், ஜனவரி இன்னும் நல்லது.

சில்வர்பீச் நடையன் (தேவனாம்பட்டினம், கடலூர்) எழுதியது:

முன்னவர் சொன்னதை என் அனுபவத்தால் உறுதிப்படுத்துகிறேன். நான் என் தாயாரை ஆகஸ்ட் மாதத்தில்தான் அழைத்துச் சென்றேன். பாறைத் துளைகள் வழியே கடல்நீர் பீறிட்டு எழும் முக்சைல் கடற்கரை அந்தப் பருவத்தில் மிகச் சிறப்பாக இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. அலையின் வேகம் மிகுந்திருக்கும் கரீஃப் காலத்தில்தான் அது அவ்வளவு உயரம் எழும். ஆனால் தாவி அதைர் என்ற, 211 மீட்டர் ஆழமுள்ள பெரும் பள்ளத்தை எட்டிப் பார்க்கச் சென்றபோது வெள்ளைத் திரையைத் தவிர எதுவும் தெரியவில்லை. ஈரப் படியில் என் தாயாருக்குக் கால் வழுக்கி, நல்லவேளையாகக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்.

உங்கள் திட்டத்தைப் போலவே எங்களுக்கும் ஒரு நாளைக்கு ஐந்து இடங்கள். மலையில் வண்டிகள் நெடுவரிசையில் நின்றதில் இரண்டு மணி நேரம் போயிற்று. சும்ஹுரம் வாயிலை அடைந்தபோது அன்றைய பார்வை நேரம் முடிந்திருந்தது. ஓட்டுநர் வெளியிலிருந்தே கையை நீட்டிக் காட்டிவிட்டு வண்டியைத் திருப்பினார். திட்டத்தில் அந்த இடத்தின் பெயர் இருந்ததால் பணத்தைத் திருப்பிக் கேட்கவும் வழியில்லை. உங்கள் தந்தைக்கு இது நேர்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எந்த மாதம் சென்றாலும் அந்த இடத்தைக் காலையில், முதல் இடமாக வைக்கும்படி எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வெயிலிலேயே உப்பு வியாபாரம் செய்து வளர்ந்த என் தாயார், வாதி தர்பாத் புல்வெளியில் குடையை மடக்கிவிட்டு அரை மணி நேரம் தூறலில் நின்றார். அவருக்கு அந்தப் பயணம் முழுவதிலும் நினைவில் நிற்பது அந்த அரை மணி நேரம்தான். ஆகவே ஆகஸ்ட் யாருக்குமே ஆகாது என்று நான் சொல்ல மாட்டேன். நீங்கள் எதைப் பார்க்கச் செல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஓடுதேடி (லாஸ்பேட்டை, புதுச்சேரி) எழுதியது:

சகோதரி, உங்கள் தந்தையார் பெக்லி அம்மையாரின் குழியில் வேலை செய்தவர் என்று படித்ததும் உடனே எழுத வேண்டும் என்று தோன்றிற்று. அரிக்கமேட்டைப் பற்றி எழுதும்போது 1945-இல் மார்டிமர் வீலர், அதன்பின் 1947 முதல் 1950 வரை கசால், பிறகு பெக்லி என்று அடுக்குகிறோம். சல்லடை பிடித்தவர்களை யாரும் கேட்டுப் பதிவு செய்ததாக நான் படித்ததில்லை. பயணத்திற்கு முன்போ பின்போ அவருடைய நினைவுகளைக் குரல்பதிவாகவாவது எடுத்து வையுங்கள்.

அந்த ஓட்டைப் பற்றி. சலாலாவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில், கோர் ரோரி என்ற உப்பங்கழியின் கரையில் சும்ஹுரம் என்ற கோட்டை நகரம் இருக்கிறது. ஏமன் பக்கத்து ஹத்ரமௌத் அரசர்கள் சாம்பிராணி வணிகத்துக்காக அமைத்த நகரம் அது. நகர் அமைக்கப்பட்ட செய்தியைத் தென் அரேபிய எழுத்தில் வாயிற்கற்களிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். இத்தாலியக் குழுவினர் பல ஆண்டுகளாக அங்கே அகழ்ந்து வருகின்றனர். அந்த அகழாய்வில் 2006-இல் கிடைத்த ஓர் ஓட்டில் தமிழ்-பிராமி எழுத்து இருப்பது பின்னர் அடையாளம் காணப்பட்டது. ஐராவதம் மகாதேவன் அதை "ணந்தை கீரன்" என்று படித்தார். காலம் கி.பி. முதல் நூற்றாண்டு. கீரன் என்பது நக்கீரன் என்ற பெயரில் நமக்குப் பழக்கமான பெயர்தான். அந்தை என்பது பெரியவர்களின் பெயரோடு சேரும் மதிப்புச் சொல், புகளூர்க் கல்வெட்டிலும் அது வருகிறது. கடல் கடந்து சென்ற தமிழர் ஒருவர் தம் பானையில் தம் பெயரை எழுதி வைத்திருக்கிறார். அரிக்கமேட்டிலும் இப்படிப் பெயர் எழுதிய ஓடுகள் கிடைத்திருப்பது உங்கள் தந்தையாருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இரண்டு ஊர்களையும் ஒரே நூலில் பார்க்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட எரித்ரேயக் கடல் வழிநூல், மோஸ்கா என்று ஒரு துறைமுகத்தைக் குறிப்பிடுகிறது. அது சும்ஹுரம் என்பது ஆய்வாளர் பலர் கருத்து. அதே நூல் நம் கரையில் பொதுகே என்று ஒரு துறைமுகத்தைச் சொல்கிறது. அது புதுச்சேரி, அதாவது அரிக்கமேடு என்று கொள்கிறார்கள். இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து திரும்பும்போது பருவம் தவறிவிட்ட கப்பல்கள் மோஸ்காவில் குளிர்காலத்தைக் கழிக்கும் என்றும், அரச அதிகாரிகளிடம் துணி, கோதுமை, நல்லெண்ணெய் ஆகியவற்றைக் கொடுத்துச் சாம்பிராணியைப் பெற்றுக்கொள்ளும் என்றும் அந்த நூல் கூறுகிறது. மாதக்கணக்கில் காற்றுக்காகக் காத்துக் கிடந்தவர்கள் உணவு சமைக்க, நீர் வைக்கப் பானை வைத்திருந்திருப்பார்கள் அல்லவா? அந்தப் பானைகளில் ஒன்றாகவும் கீரனின் பானை இருந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

ஓர் எச்சரிக்கை. அந்த ஓடு அரிக்கமேட்டிலிருந்து சென்றது என்று சொல்வதற்குச் சான்று இல்லை. சேர நாட்டுத் துறைமுகமான முசிறி வழியாகச் சென்றிருக்கவே வாய்ப்பு மிகுதி. மேலும் அது சும்ஹுரத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கும் என்று எதிர்பார்த்துச் செல்ல வேண்டாம். பார்க்கப் போவது அது கிடைத்த தெருவையும் சுவரையும்தான். அந்த நகரத்தில் முன்பு அமெரிக்கக் குழுவினர் தோண்டியபோது, இந்தியச் சிற்ப மரபில் வார்த்த சிறிய வெண்கலப் பெண் உருவம் ஒன்றும் கிடைத்திருக்கிறது. ஒரே ஓர் ஓட்டை வைத்துக்கொண்டு பேசுகிறோம் என்று யாராவது சொன்னால் இதையும் சேர்த்துச் சொல்லலாம்.

தோப்புவீட்டுப்பெண் எழுதியது:

ஐயா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு அனைவருக்கும் நன்றி. எல்லாவற்றையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஓடு இங்கிருந்து சென்றது இல்லை என்றதும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "முசிறியிலேர்ந்து போயிருந்தா என்ன, எழுத்து நம்ம எழுத்துதானே" என்றார். குரல்பதிவு எடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். தம்மோடு சலித்த இன்னும் இரண்டு பேர் ஊரில் இருக்கிறார்கள், அவர்களையும் அழைக்கலாம் என்கிறார்.

மூன்று ஐயங்கள் எஞ்சியுள்ளன. செப்டம்பர் இறுதி என்றால் அது புரட்டாசி மாதம். அப்பா அந்த மாதம் முழுவதும் கவுச்சி தொட மாட்டார். ஆறு நாளும் சைவ உணவு கிடைக்குமா? அடுத்து, திட்டத்தை மாற்றச் சொன்னபோது முகவர், கூடுதல் பணம் கொடுத்தால் ஏமனைச் சேர்ந்த சொகோத்ரா தீவையும் சேர்த்துத் தருகிறேன் என்கிறார். அது சரியா? சாம்பிராணியைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை. அதையும் அறிய விரும்புகிறேன்.

நாட்டுமருந்து (பெரிய மார்க்கெட் அருகில், புதுச்சேரி) எழுதியது:

சாம்பிராணியைப் பற்றி நான் சொல்கிறேன் அம்மா. மூன்று தலைமுறையாக நாட்டு மருந்துக் கடை நடத்தும் குடும்பம் எங்களுடையது; இந்தச் சரக்கில் பெயர்க் குழப்பம் மிகுதி என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை புகை போடும் சாம்பிராணி பெரும்பாலும் சுமத்திரா பக்கத்திலிருந்து வரும் வேறொரு மரத்தின் பிசின். அரபு வணிகர்கள் அதை லுபான் ஜாவி, அதாவது ஜாவா நாட்டுச் சாம்பிராணி என்று அழைத்தார்கள். பறங்கிச் சாம்பிராணி, குந்திரிக்கம் என்று கேட்டால் நாங்கள் எடுத்துக் கொடுப்பது வேறு. அது பாஸ்வெல்லியா குடும்பத்து மரத்தின் பிசின், நம் நாட்டு மலைகளிலும் அதில் ஒரு வகை உண்டு. தோஃபாரில் விளைவது பாஸ்வெல்லியா சாக்ரா என்ற மரம். அரபியில் அதன் பிசினுக்கு வெறும் லுபான் என்று பெயர். குழந்தை இயேசுவுக்கு மூன்று இராசாக்கள் கொண்டுவந்த காணிக்கையில் பொன்னோடும் வெள்ளைப்போளத்தோடும் சொல்லப்படுவது இந்த வகைச் சாம்பிராணியைத்தான்.

இந்த மரத்தின் இயல்பைத் தெரிந்துகொண்டால் பிசின் எடுப்பதைப் பார்க்க முடியுமா என்ற உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். பனி நேரடியாக மோதும் சரிவில் இது செழிப்பதில்லை. மலையைத் தாண்டி, குளிர்ந்த காற்று வந்தும் தூறல் வராத வறண்ட பக்கத்தில்தான் தரமான பிசின் தருகிறது. சலாலாவுக்கு வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் உள்ள வாதி தௌகா என்ற மரப் பூங்காவையும், சும்ஹுரம், அல் பலீது, ஷிஸ்ர் ஆகிய மூன்று தொல்லிடங்களையும் சேர்த்து 2000-ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்தது; இப்போது அதற்குச் சாம்பிராணி நிலம் என்று பெயர்.

பிசின் எடுப்பது சித்திரை வாக்கில், வெயில் ஏறும்போது தொடங்குகிறது. சிறு கத்தியால் பட்டையை அங்கங்கே செதுக்கிவிடுவார்கள். முதலில் வடியும் பால் தரம் குறைந்தது. அதைச் சுரண்டி எறிந்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து அதே காயத்தை மீண்டும் செதுக்குவார்கள். இரண்டாவது, மூன்றாவது முறை வடிந்து உறையும் துளிகள்தான் நல்ல சரக்கு. ஒரே மரத்தை ஓய்வில்லாமல் செதுக்கினால் மரம் நலிந்துவிடும் என்பதால், அறிந்தவர்கள் இடைவெளி விட்டு எடுப்பார்கள். நீங்கள் செல்லும் செப்டம்பர் இறுதியில் முழு அறுவடையைப் பார்ப்பது அரிது. ஆனால் பட்டையில் பழைய காயங்களும் அவற்றில் ஒட்டிய துளிகளும் தெரியும். விரலால் தொட்டு முகர்ந்தால் எலுமிச்சையும் பைன் மரமும் கலந்தது போன்ற மணம் வரும். மரத்தில் நீங்களே கீறிப் பார்க்க வேண்டாம்.

வாங்குவதாயிருந்தால் சலாலாவின் ஹஃபா கடைத்தெருவுக்குச் செல்லுங்கள். ஹோஜரி என்பது முதல் தரம். வெள்ளையாகவோ இளம்பச்சை கலந்தோ, ஒளி ஊடுருவும்படி இருக்கும். மஞ்சளும் செம்மையும் ஏற ஏற, மரப்பட்டைத் தூள் கலக்கக் கலக்க, விலை இறங்கும். அடுத்த தரங்களுக்கு நஜ்தி, ஷஸ்ரி, ஷஅபி என்று பெயர். கடைக்காரரைச் சிறு துண்டு ஒன்றைக் கரியில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நல்ல சரக்கின் புகை வெண்மையாக எழும், கண்ணைக் கரிக்காது. எங்கள் கடையில் வெவ்வேறு நாட்டுப் பிசினைப் புகைத்துப் பார்த்திருக்கிறேன், ஹோஜரிக்கு ஈடாக ஒன்றைச் சொல்ல முடியவில்லை. மண்ணால் செய்து வண்ணம் தீட்டிய மஜ்மர் என்ற தூபக்காலையும் அங்கே விற்பார்கள். உடையாமல் கொண்டுவர உடுப்புக்கு நடுவில் சுற்றி வையுங்கள்.

கெடிலக்கரையான் எழுதியது:

சொகோத்ராவைப் பற்றி முதலில். வேண்டவே வேண்டாம் அம்மா. சொகோத்ரா ஏமன் நாட்டைச் சேர்ந்தது. இந்தியக் குடிமக்கள் ஏமனுக்குச் செல்வதை இந்திய அரசு 2017-இல் தடை செய்தது. இதை மறைத்துப் பணம் கேட்பவர் மற்றவற்றில் எப்படி நடந்துகொள்வார் என்பதையும் எண்ணிப் பாருங்கள். மஸ்கட் வழியாக சலாலாவுக்கு விமானத்தில் சென்று, அங்கேயே ஓர் ஓட்டுநரோடு வண்டி அமர்த்திக்கொள்வது செலவிலும் குறையும். மஸ்கட்டிலிருந்து சாலை வழி ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர், பெரும்பகுதி வெறும் பாலை; முழங்கால் வலி உள்ளவருக்கு அது வேதனை.

உணவைப் பற்றிக் கவலை வேண்டாம். சலாலாவில் தெருவுக்குத் தெரு மலையாளிகளின் உணவகம் உண்டு. இட்லி, தோசை, சைவச் சாப்பாடு கிடைக்கும். ஊருக்கு வெளியே செல்லும் நாட்களில் மட்டும் கையில் எடுத்துச் செல்லுங்கள், ஏனெனில் மலைப்பாதைக் கடைகளில் சூடான கல்லில் சுட்ட இறைச்சிதான் சிறப்பு. நகரின் தென்னந்தோப்பு ஓரமாகச் சாலை நெடுக இளநீர், வாழைப்பழம், பப்பாளிக் கடைகள் இருக்கும். முதல் முறை அந்தச் சாலையில் போனபோது, பாகூர்ப் பக்கம் வந்துவிட்டோமோ என்று எனக்குத் தோன்றியது. 14-ஆம் நூற்றாண்டில் அங்கே சென்ற இப்னு பதூதாவும் அந்த ஊரில் தென்னையையும் வெற்றிலையையும் பார்த்து எழுதியிருக்கிறார். கோழிக்கோட்டிலிருந்து நல்ல காற்றில் 28 நாளில் அங்கே வந்து சேர்ந்ததாகவும் குறிப்பிடுகிறார்.

நாட்களை நான் இப்படிப் பிரிப்பேன். சென்று இறங்கும் நாளில் எதுவும் வேண்டாம், ஓய்வு மட்டும். மறுநாள் நகருக்குள்ளேயே உள்ள அல் பலீது. அது இடைக்காலத் துறைமுகத்தின் இடிபாடு, பரந்த சமதரை, உள்ளேயே சாம்பிராணி நில அருங்காட்சியகம் இருக்கிறது. சும்ஹுரத்தைப் பார்ப்பதற்கு முன் அந்த அருங்காட்சியகத்தில் கப்பல்களைப் பற்றிய கூடத்தைப் பார்த்துவிட்டால், அடுத்த நாள் காணும் சுவர்கள் பேசத் தொடங்கும். மூன்றாம் நாள் காலை முழுவதும் சும்ஹுரம் மட்டும். அங்கே நின்று கீழே பார்த்தால் கழியும், அதன் வாயை அடைத்துக் கிடக்கும் மணல்திட்டும், இருபுறமும் காவலர்களைப் போல் நிற்கும் இரண்டு பாறை முனைகளும் தெரியும். அந்த மணல்திட்டு ஏறியதால்தான் துறைமுகம் செத்தது. நம் உப்பனாற்று முகத்துவாரத்தில் மணல் அடைத்துப் படகு வெளியேற முடியாமல் தவிக்கும் போதெல்லாம் எனக்கு கோர் ரோரி நினைவுக்கு வருகிறது. உங்கள் தந்தைக்கு அரியாங்குப்பத்து ஆற்று முகத்துவாரம் நினைவுக்கு வரும். நிழல் குறைவு; குடையும் தண்ணீரும் அவசியம். மாலையில் அந்தக் கழிக்கு நீர் தரும் வாதி தர்பாத் பள்ளத்தாக்குக்கு ஏறிச் செல்லுங்கள். பனி விலகிய புதிது என்பதால் நீர் ஓடிக்கொண்டிருக்கும், நடப்பதற்குச் சமதரை உண்டு.

நான்காம் நாள் வடக்கே வாதி தௌகா. மலையுச்சியைக் கடந்து சில கிலோமீட்டருக்குள் பச்சை முழுவதும் அறுந்து, வெறும் கல்லும் மண்ணுமாக மாறும் இடத்தை வண்டியை நிறுத்திப் பாருங்கள். அந்தக் கோடு அவ்வளவு கூர்மையாக இருக்கும். அங்கிருந்து இன்னும் வடக்கே சென்றால் ஷிஸ்ர். சலாலாவிலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீட்டர். பாலையில் மறைந்த உபார் நகரம் இதுதான் என்று 1990-களின் தொடக்கத்தில், விண்வெளியிலிருந்து எடுத்த படங்களின் துணையோடு தேடியவர்கள் அறிவித்த இடம் அது. கூரை இடிந்து கிணற்றுக்குள் விழுந்தது போன்ற ஒரு பெரும் பள்ளமும் சுற்றிச் சில சுவர்களும் உள்ளன. பெயரைக் கேட்டு எதிர்பார்ப்போடு செல்பவர்களுக்கு ஏமாற்றம் தரும் இடம். நேரம் இல்லையென்றால் விட்டுவிடலாம். அதற்கும் அப்பால் ருப் அல் காலி என்ற பெருமணல் தொடங்குகிறது. 1930-ஆம் ஆண்டின் இறுதியில் பெர்ட்ரம் தாமஸ் சலாலாவிலிருந்து புறப்பட்டு, உள்ளூர் ஒட்டகக்காரர்களின் துணையோடு அதைக் கடந்து கத்தார் வரை சென்றார். இரவு தங்கல் என் மனத்துக்கு மிகப் பிடித்தது. அந்த வானத்தை வேறு எங்கும் பார்த்ததில்லை. ஆயினும் செப்டம்பரில் மணலில் பகல் வெப்பம் நாற்பது பாகையை எட்டும், மருத்துவமனை வெகு தொலைவு. உங்கள் தந்தைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மாலையில் மணல்வரை சென்று சூரியன் இறங்குவதைப் பார்த்துவிட்டுத் திரும்புவதாயிருந்தால், இரண்டு வண்டிகளாகச் செல்லும் குழுவோடு மட்டும் செல்லுங்கள். ஒற்றை வண்டியாகச் சென்று மணலில் புதைந்தவர்களை மீட்க நானே ஒரு முறை இரவில் போயிருக்கிறேன்.

ஐந்தாம் நாள் மேற்கே முக்சைல், வழியில் இத்தீன் மலைமேல் நபி அய்யூப் அடக்கத்தலம். எல்லாச் சமயத்தவரும் உள்ளே செல்லலாம். காலணியைக் கழற்றி, நீங்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும். மலைவாழ் மக்கள் தங்களுக்குள் ஜிப்பாலி என்ற மொழியில் பேசிக்கொள்வதைக் கேட்டால் கவனியுங்கள். அது அரபியின் வட்டார வழக்கன்று, அரபிக்கு முன்பிருந்தே அங்கே வழங்கும் தனிமொழி. பெண்களையும் வீடுகளையும் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். வெள்ளியும் சனியும் அங்கே விடுமுறை. சும்ஹுரம் நாள் வெள்ளிக்கிழமையில் விழாதபடி பயணத்தைத் தொடங்குங்கள்.

தோப்புவீட்டுப்பெண் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்த முகவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். செப்டம்பர் கடைசி வாரம் ஞாயிற்றுக்கிழமை சலாலாவில் இறங்குவது போல் சென்னையிலிருந்து மஸ்கட் வழியாகச் சீட்டுப் பார்த்திருக்கிறோம்; சும்ஹுரம் செவ்வாய்க்கிழமை காலையில் வருகிறது. ஷிஸ்ரை விட்டுவிட்டோம். அந்த நாளில் மீதமாகும் நேரத்தில், முடிந்தால் மறுமுறையும் சும்ஹுரத்துக்கே போகலாம் என்று அப்பா கேட்டார். ஓட்டுநர் ஒப்புக்கொண்டால் அப்படியே செய்வதாக இருக்கிறோம்.

நேற்று மாலை குரல்பதிவையும் தொடங்கினோம். பழைய ஆட்கள் இருவரும் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர், குழியில் இறங்கும் முன் தரையில் கிடப்பதை யாரும் எடுத்து மடியில் கட்டிக்கொள்ளக் கூடாது, கிடந்த இடத்தைக் குறித்த பிறகுதான் தொட வேண்டும் என்று முதல் நாளே கற்றுக்கொடுத்ததை நினைவுகூர்ந்தார். அப்பா உடனே என்னைப் பார்த்து, சும்ஹுரத்தில் தரையில் ஓடு கிடந்தால் குனிந்து பார்க்கலாம் அல்லவா, எடுக்க மாட்டேன் என்றார். ஓடுதேடி ஐயா, காவலர்கள் அதற்கு ஏதும் சொல்வார்களா என்பதை மட்டும் தெரிந்தால் எழுதுங்கள்.

ஓடுதேடி எழுதியது:

வேலியிட்ட பாதையை விட்டு இறங்காமல் குனிந்து பார்ப்பதற்கு யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், சகோதரி. வாயிலில் இருக்கும் பணியாளரிடம் உங்கள் தந்தை எங்கே, எந்த ஆண்டுகளில் சலித்தார் என்பதையும் சொல்லுங்கள். அரிக்கமேடு என்ற பெயர் அகழாய்வுக்காரர்களுக்கு அறிமுகமான பெயர். குழுவினர் யாராவது அன்று அங்கே இருந்தால், அவரை அழைத்துக்கொண்டு போய்க் காட்டுவார்கள் என்றே நினைக்கிறேன்.